பழைய கார்களின் பாடித் தகடுகளை நேர்செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரைப் புதுப்பிக்கத் தொடங்கியவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதைவிடக் கதவு, பானெட், மட்கார்டு ஆகியவற்றின் இடைவெளிகளைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் விடைகள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியின் அகலம். இரண்டாவது, இரண்டின் பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஒன்று துருத்திக்கொண்டோ உள்வாங்கியோ இருக்கிறதா என்பது. மூன்றாவது, காரின் பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு மட்கார்டிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து பின்பகுதிக்கும் முறியாமல் போகிறதா என்பது.

புதுப்பிக்கும் வேலைகளில் 4 முதல் 5 மி.மீ. வரையிலான இடைவெளியைப் பொதுவாக இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கண்ணை உறுத்துவது அகலத்தைவிடச் சரிவுதான். மேலிருந்து கீழ்வரை சீராக 6 மி.மீ. இருக்கும் இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. மேலே 3, கீழே 6 என்று விரியும் இடைவெளி பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். ஆகவே முதலில் சீராக்குங்கள், பிறகு அளவைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்தக் கார்கள் சரியாகத்தானே இருந்திருக்கும்? அதே பாகங்களைத் திரும்ப மாட்டினால் ஏன் பொருந்துவதில்லை?

அன்றைய கார்கள் பலவற்றில் தகடுகளை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் கையால் பொருத்தினார்கள். கீல் துளைகளை நீள்வட்டமாக விட்டு, தேவைப்பட்ட இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகி, இணைப்புகளில் ஈயம் பூசி அரத்தால் ராவி, அந்தக் காருக்கு மட்டும் பொருந்தும்படி முடித்தார்கள். ஒரே மாடலின் இன்னொரு காரிலிருந்து கழற்றிய கதவு அப்படியே உட்காராததற்கு இதுவே காரணம். 1961 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் பானெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மட்கார்டுகளையும் உள்ளடக்கிய அந்த நீண்ட பானெட் பல துண்டுகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. அதை வேறொரு காரில் மாட்டினால் மறுபடி முழுவதுமாகப் பொருத்த வேண்டியிருக்கும்.

அதோடு துரு, பழைய விபத்து, முன்பு யாரோ செய்த அவசர வெல்டிங், தேய்ந்த கீல், நசுங்கிய ரப்பர் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இன்று நீங்கள் பார்க்கும் கோணலான இடைவெளி இவை எல்லாம் கூடித் தந்த விளைவு. இடைவெளியை மட்டும் திருத்தினால் காரணம் அப்படியே இருக்கும்.

எங்கிருந்து தொடங்க வேண்டும்? முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா?

கீழிருந்து மேலாக, பிறகு நகராததிலிருந்து நகர்வதை நோக்கி. முதலில் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டமோ தரைத்தளமோ நேராக இருக்க வேண்டும். அடுத்து அதன்மேல் பாடி சரியாக உட்கார வேண்டும். அதன்பிறகே கதவுகள். வெல்டிங் செய்யப்பட்டிருக்கும் பின்பக்கவாட்டுத் தகடு நகராது. ஆகவே நான்கு கதவுக் காரில் பின்கதவை அதற்கும், கதவுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் அடிப்பட்டைக்கும் ஏற்பப் பொருத்தி, முன்கதவைப் பின்கதவுக்கு ஏற்பவும், மட்கார்டை முன்கதவுக்கு ஏற்பவும், பானெட்டை மட்கார்டுகளுக்கு ஏற்பவும் பொருத்துவதே சரியான வரிசை. முன்முகப்பும் பம்பரும் கடைசி.

மட்கார்டிலிருந்து தொடங்குபவர்கள் எல்லாப் பிழைகளையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய், நகர்த்தவே முடியாத பின்பக்கவாட்டுத் தகட்டில் வந்து நிற்பார்கள். சில கார்களில் இந்த வரிசை சற்று மாறும். 1955-இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் வெளித்தகடுகள் பெரும்பாலும் ஒரு எலும்புக்கூட்டின்மேல் போல்ட்டால் மாட்டப்பட்டவை. பின்மட்கார்டு ஒரே போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். அங்கேயும் எலும்புக்கூடு நேராக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பிரிப்பதற்கு முன் எவற்றைக் குறித்துவைக்க வேண்டும்?

கார் தன் சக்கரங்களில் சமதளத்தில் நிற்கும்போது, ஒவ்வொரு இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் அளந்து, அந்த எண்ணைக் காகித டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிப் படம் எடுங்கள். கதவு வாயின், அதாவது கதவு உட்காரும் திறப்பின், இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். கீல்களுக்கும் தூணுக்கும் நடுவே செருகியிருக்கும் தகட்டுத் துண்டுகளை, எந்தக் கீலில் எத்தனை இருந்தன என்று எழுதிய பைகளில் போட்டுவையுங்கள்.

கதவு இப்போது சரியாகவே உட்கார்ந்திருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கீலின் தகட்டையும் அதன் பின்னால் உள்ள தூணையும் சேர்த்து 3 மி.மீ. அளவில் இரண்டு துளைகள் போட்டுவிட்டால், பிறகு மாட்டும்போது அந்தத் துளைகளில் துரப்பண ஊசியைச் செருகிக் கீலைப் பழைய இடத்திலேயே நிறுத்தலாம். கூர்முனையால் கீலைச் சுற்றிக் கோடு கிழிப்பதும் உதவும். ஆனால் மணலடித்துப் பெயிண்டை நீக்கினால் அந்தக் கோடு போய்விடக்கூடும், துளை போகாது.

கதவின் பின்பக்கம் தொங்குகிறது. கீலை வளைத்துத் தூக்கிவிடலாமா?

கதவு தொங்குகிறதா, கார் தொங்குகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் வளைக்காதீர்கள். இரண்டிலும் கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே குறுகி, கீழே விரிந்திருக்கும். அதை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார்.

வேறுபாடு முன்விளிம்பில் இருக்கிறது. கீல் தேய்ந்து கதவு சரிந்திருந்தால், கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் கெட்டிருக்கும்: மேலே விரிந்து கீழே குறுகும். மாறாக, சில் பலமிழந்து காரின் நடுப்பகுதி தாழ்ந்திருந்தால், கீல்தூணும் அதில் தொங்கும் கதவும் சேர்ந்தே சாய்ந்திருப்பதால் முன்விளிம்பு ஏறக்குறைய இணையாக இருக்கும், பின்விளிம்பு மட்டும் கோணலாகும். அடுத்து, கதவைப் பாதி திறந்து அதன் பின்முனையை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். மூன்றாவதாக, சில்லின் நடுவே அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெதுவாகச் சற்றுத் தூக்குங்கள். கதவின் பின் இடைவெளி கண்முன்னே மாறினால் கோளாறு கதவில் இல்லை. இந்தச் சோதனையின்போது துருப்பிடித்த தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குமேல் சோதிக்க எதுவுமில்லை, சில் வேலையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கீலில்தான் ஆட்டம் என்று தெரிந்துவிட்டது. அடுத்து?

கீலின் ஊசியையும், அது சுழலும் உறையான புஷ்ஷையும் மாற்றுங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதைச் சற்றுப் பெரிதாக்கிப் பருமனான ஊசி போடலாம், அல்லது துளையைப் பெரிதாக்கிப் புதிய புஷ் அடிக்கலாம். ஆட்டம் நீங்கும்வரை வேறு எந்தச் சரிசெய்தலும் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு முறை கதவை மூடும்போதும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். வேலை நடக்கும்போது பூட்டின் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். கொக்கி இருந்தால் அது கதவைத் தூக்கிப்பிடித்து, கீல் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

ஆட்டம் நீங்கிய பிறகும் பின்விளிம்பு தாழ்ந்திருந்தால் கீழ்க் கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய தகடு செருகலாம். கீல்கள் இரண்டும் 400 மி.மீ. தள்ளி இருந்து, கதவின் நீளம் 1,000 மி.மீ. என்றால், 1 மி.மீ. தகடு கதவின் பின்விளிம்பை ஏறக்குறைய 2.5 மி.மீ. உயர்த்தும். கீல் தூணின் பின்முகத்தில் பொருத்தப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். தூணின் பக்கமுகத்தில் பொருத்தப்பட்ட கீலில் தகடு செருகினால் கதவு உயராது, வெளியே வரும். கீலின் இடுக்கில் மரக்கட்டையை வைத்துக் கதவை ஓங்கி மூடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது கீலை மட்டுமல்லாமல் கீல் பதிந்திருக்கும் தூணின் தகட்டையும் சேர்த்து வளைத்துவிடும்.

என் காரில் பாடி தனி, சேஸிஸ் தனி. இரண்டுக்கும் நடுவே புது ரப்பர் மெத்தைகள் போட்ட பிறகு கதவு முன்பைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

பழைய மெத்தைகள் ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு அளவில் நசுங்கியிருந்திருக்கும், அந்த நிலைக்கு ஏற்பக் கதவை யாராவது சரிசெய்திருப்பார்கள். இப்போது மெத்தைகள் சம உயரம், ஆனால் கதவு பழைய நிலைக்கு ஏற்ப இருக்கிறது. மெத்தைகளோடு இருந்த தகட்டுத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டாலும் இதே நிலை வரும்.

கதவு வாயின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள தாங்குமிடத்தில் தகடு வைத்து உயர்த்தினால் பாடி சற்று மேல்நோக்கி வளைந்து கதவு வாயின் மேற்பகுதி விரியும். பாடியின் முன்கோடியிலோ பின்கோடியிலோ உயர்த்தினால் மேற்பகுதி குறுகும். ஒரு நேரத்தில் ஒரே இடத்தை மாற்றுங்கள், எல்லாப் போல்ட்டுகளையும் முழுதாக முறுக்கிய பிறகே அளந்து பாருங்கள். போல்ட் தளர்வாக இருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது.

சில் முழுதும் துரு. வெட்டி எடுத்துப் புதிது போடும்போது கதவு வாய் மாறாமல் இருக்க என்ன செய்வது?

வெட்டுவதற்கு முன் கட்டிவைக்க வேண்டும். கீல்தூணுக்கும் பூட்டுத்தூணுக்கும் நடுவே இரும்புக் குழாய்களைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும், காரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கும் வெல்டிங் செய்யுங்கள். இந்தக் குழாய்கள் காரின் உட்புறமாக அமைய வேண்டும் என்பதே இதில் முக்கியம். கதவு வாயின் குறுக்கே அடைத்துக்கொண்டால், வேலையின் நடுவில் கதவை மாட்டிப் பார்க்க முடியாது. கதவைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை. புதிய சில்லை முதலில் திருகாலும் கிளாம்பாலும் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி சரி என்று தெரிந்த பிறகே வெல்டிங் செய்ய வேண்டும்.

கார் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால், அந்த நிலையிலேயே குழாய்களைக் கட்டிவிடாதீர்கள். முதலில் ஜாக்கியால் கதவு வாயைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டங்களைப் பட்டறைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி போன்ற கார்களில் சில் என்பது வெளியே தெரியும் ஒற்றைத் தகடு அல்ல. உள்ளே பல தகடுகள் சேர்ந்து உருவான பெட்டி. வெளித்தகட்டை மட்டும் மாற்றினால் பார்வைக்குச் சரியாக இருக்கும், பலம் வராது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இதே இடத்தில் வெப்பக்காற்று செல்லும் குழல் இருப்பதால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பாடியைச் சுழல்தாங்கியில் மாட்டியிருக்கிறேன். அங்கேயே கதவுகளைப் பொருத்திவிடலாமா?

பாடியை இரு முனைகளிலும் பிடித்துப் புரட்டித் திருப்பும் சுழல்தாங்கி, துருவை வெட்டவும் அடியில் பெயிண்ட் அடிக்கவும் அருமையான கருவி. இடைவெளி பார்க்க அது ஏற்றதல்ல. இரண்டு முனைகளில் மட்டும் பிடிக்கப்பட்ட பாடி, சக்கரங்கள் தாங்கும்போது வளைவதுபோல் வளையாது. காரைச் சக்கரங்களில் நிறுத்துங்கள், அல்லது அச்சுகளும் ஸ்பிரிங்குகளும் பாடியைத் தாங்கும் இடங்களுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள்.

எடையும் முக்கியம். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்பகுதியில் இல்லாதபோது சரிசெய்த கதவு, அவை ஏறிய பிறகு மாறக்கூடும். எஞ்சினை ஏற்ற இயலாவிட்டால் அதே எடையுள்ள மணல் மூட்டைகளை அந்த இடத்தில் வையுங்கள். கதவிலும் கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் பொறி, பூட்டு எல்லாம் இருக்க வேண்டும். கூரை இல்லாத கார்களில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே வளைவைத் தடுக்கக் கூரை இல்லை; சில்லும் தரைத்தளமும் மட்டுமே தாங்குகின்றன.

என் கார் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. தகட்டைத் தட்டி நேராக்கினால் போதாதா?

போதாது. அந்தத் தகடு போர்வை மட்டுமே, வடிவத்தைத் தருவது மரம். கதவு தொங்கினால் பெரும்பாலும் சட்டத்தின் மூலை இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது கீல் திருகுகள் பிடித்திருக்கும் இடம் உளுத்திருக்கும். இணைப்பைத் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டி இறுக்க வேண்டும். உளுத்த துண்டை அதே வகை மரத்தால் மாற்ற வேண்டும். மார்கன் கார்களில் பயன்படும் ஆஷ் மரம் இத்தகைய சட்டங்களுக்குப் பரவலாகப் பயன்பட்டது. மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் என்பதால், இத்தகைய கார்களில் இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விடுவதே அறிவு.

இடைவெளி எல்லாம் சரி. ஆனால் கதவின் கீழ்மூலை வெளியே துருத்துகிறது.

முதலில் ரப்பர் பீடிங்கைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். துருத்தல் மறைந்தால் கதவில் தவறில்லை. புதிய பீடிங் தடிமனாகவோ கடினமாகவோ இருக்கிறது. வெவ்வேறு தயாரிப்புகளின் பீடிங் வெவ்வேறு அளவில் அழுந்தும். ஆகவே எந்த பீடிங்கைக் கடைசியில் போடப்போகிறீர்களோ அதையே வைத்துப் பொருத்த வேண்டும்.

பீடிங் இல்லாமலும் துருத்தினால் கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூட்டுப் பக்கத்தில் கதவின் மேற்பகுதிக்கும் தூணுக்கும் நடுவே துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, கீழ்மூலையை உள்நோக்கி நிதானமாக அழுத்துங்கள். உலோகம் சற்றுத் திரும்பிவரும் என்பதால் தேவைக்குக் கொஞ்சம் மேலாக அழுத்த வேண்டும். கதவின் வெளித்தகட்டை மாற்றும் திட்டம் இருந்தால், விளிம்பை மடித்து இறுக்குவதற்கு முன்பே இந்த முறுக்கை எடுத்துவிடுங்கள். புதிய தகடு மடிந்து இறுகியதும் கதவு விறைத்துவிடும், அதன்பிறகு முறுக்கை எடுப்பது மிகக் கடினம்.

பானெட்டின் பின்பகுதி மேலே எழும்பி நிற்கிறது, அழுத்தினாலும் இறங்கவில்லை.

கீல்கள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் காணாத கீல், மூடும்போது பானெட்டையே வளைத்துவிடும். கீல் இலகுவானதும், பாடிப் பக்கப் போல்ட்டுகளால் பின்விளிம்பின் உயரத்தையும், பானெட் பக்கப் போல்ட்டுகளால் முன்பின் நகர்வையும் சரிசெய்யலாம். முன்விளிம்பின் உயரத்தை ரப்பர் தாங்கிகள் தீர்மானிக்கும். பூட்டைக் கடைசியில் மாட்டுங்கள்.

நடுவில் கீல் வைத்து இருபுறமும் திறக்கும் பழைய பானெட்டுகளில், இடைவெளியைத் தீர்மானிப்பது ரேடியேட்டர் நிற்கும் கோணம். ரேடியேட்டரின் தலையையும் எஞ்சின் அறையின் பின்சுவரையும் இணைக்கும் கம்பியை நீளமாக்கினால் ரேடியேட்டர் முன்னே சாய்ந்து மேல் இடைவெளி விரியும், குறைத்தால் குறுகும்.

புதிதாக வாங்கிய மட்கார்டு எப்படி மாட்டினாலும் பொருந்தவில்லை. தகடு தவறா, என் கார் தவறா?

பழைய மட்கார்டை எறிந்துவிடாமல் இருந்தால் விடை எளிது. இரண்டையும் அருகருகே வைத்து, போல்ட் துளைகளின் தூரம், சக்கர வளைவின் உயரம், கதவுப் பக்க விளிம்பின் வளைவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அசல் பாகம், துருப்பிடித்திருந்தாலும், அளவுக்கான சான்று. புதியதைத் தற்காலிகத் திருகுகளால் மட்டும் பிடித்துப் பலமுறை மாட்டிக் கழற்றி, வெட்டித் திருத்த வேண்டிய இடத்தை அறிந்த பிறகே நிரந்தரமாகப் பொருத்துங்கள். புதிய தகட்டை வெட்டித் திருத்த வேண்டிவருவது இயல்புதான்.

மேலே சொன்ன எல்லாம் செய்துவிட்டேன், ஆனாலும் ஓரிடத்தில் 7 மி.மீ. இருக்கிறது. விளிம்பில் பட்டி போட்டு நிரப்பலாமா?

விளிம்பில் பட்டி நிற்காது. கதவு மூடும் அதிர்விலும் சிறிய மோதலிலும் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். உலோகத்தால்தான் நிரப்ப வேண்டும். 1.5 முதல் 3 மி.மீ. வரை பருமனுள்ள இரும்புக் கம்பியைக் கதவின் விளிம்பில் வைத்து, ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நல்ல தூரம் விட்டு, இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்து, ஆறவிட்டு, அரத்தால் ராவுங்கள். தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு நெளிந்து, இடைவெளியைச் சரிசெய்யப் போய்ப் பரப்பைக் கெடுத்ததாகிவிடும்.

இடைவெளி குறைவாக இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. கதவின் விளிம்பு என்பது உள்சட்டத்தின்மேல் வெளித்தகட்டை மடித்தது. அதைக் கிரைண்டரால் தேய்த்தால் மடிப்பு அறுந்து இரண்டும் பிரியும். தேய்க்கத்தான் வேண்டும் என்றால், அறுந்த விளிம்பை உடனே புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து மூடிவிட வேண்டும்.

பழைய இணைப்புகளில் ஈயம் இருக்கிறது. அதைத் தொடலாமா?

தொடலாம், ஆனால் கிரைண்டராலோ இயந்திர உப்புத்தாளாலோ தேய்க்கக் கூடாது. ஈயத்தூள் உடலுக்குள் போனால் நஞ்சு. பாடி அரத்தால் கையால் ராவி, துகள்களைத் திரட்டி அப்புறப்படுத்துங்கள். வழக்கமாகப் பயன்பட்ட 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை ஏறக்குறைய 183 முதல் 255 டிகிரி செல்சியஸ் வரை வெண்ணெய்போல் குழைந்திருக்கும். அந்த நிலையில்தான் அதை மரத்தட்டையால் பரப்புவார்கள். பூசுவதற்குப் பயன்படும் அமிலப் பசையை முழுதாகக் கழுவி நீக்காவிட்டால் பின்னாளில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

பெயிண்டுக்கு முன் அழகாக இருந்த கதவு, பெயிண்டுக்குப் பின் உரசுகிறது. என்ன நடந்தது?

பெயிண்டுக்கும் தடிமன் உண்டு. பிரைமர் முதல் மேற்பூச்சு வரை ஒரு விளிம்பில் 0.2 மி.மீ. ஏறினால், எதிரெதிரே நிற்கும் இரண்டு விளிம்புகளிலும் சேர்ந்து 0.4 மி.மீ. குறையும். விளிம்பில் பிரைமர் திரண்டிருந்தால் இன்னும் கூடும். எனவே தகடுகளை மூன்று முறை மாட்டிப் பாருங்கள்: வெறும் உலோகத்தில், பிரைமர் தேய்த்த பிறகு, மேற்பூச்சுக்குப் பிறகு. கடைசி முறை மாட்டும்போது விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். முன்பு போட்ட 3 மி.மீ. துளைகள் இங்கே மிகப் பெரிய உதவி.

இன்றைய கார்களைப்போல 3 மி.மீ. இடைவெளி வைத்துவிடலாமா?

கதவு மூடியிருக்கும்போது வைக்கலாம், திறக்கும்போதுதான் சிக்கல். கதவு சுழலும்போது அதன் முன்விளிம்பு மட்கார்டின் விளிம்புக்கு மிக அருகே உள்நோக்கிப் போகும். பழைய கீல்களின் சுழற்சிப் புள்ளி அந்தக் குறுகிய இடைவெளிக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. மூடிய நிலையில் 3 மி.மீ. இருப்பது பாதி திறந்த நிலையில் 1 மி.மீ. ஆகிவிடலாம், அல்லது உரசலாம். மேடு பள்ளத்தில் ஓடும்போது பாடியும் சற்று வளையும். கூரையில்லாத காரில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியும்.

அதைவிட முக்கியமாக, அந்தக் கார் அப்படிப் பிறக்கவில்லை. அசல் தன்மையை மதிப்பவர்கள் அளவுக்கு மீறிக் குறுக்கிய இடைவெளியை மேம்பாடாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அவர்கள் பக்கமே. 4 முதல் 5 மி.மீ. வரை சீராக வைத்து, கதவை முழுதாகத் திறந்து மூடும் வழியெங்கும் ஒரு தடித்த காகிதத்தை விளிம்புகளுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல் நழுவினால் பூட்டின் கொக்கியை மாட்டலாம்.